வியாழக்கிழமைச் சோறு

சர்க்கரை அளவுகளை வாரவாரியாகப் பிரித்து வரைபடம் போடச் சொல்லியிருந்தார் டாக்டர் கிளமென்ட். ஸ்வர்ணா கைதவறி நாள்வாரியாகப் பிரித்துவிட்டாள். திரையில் ஆறு கோடுகள் வரவேண்டிய இடத்தில் ஐந்து கோடுகள் வந்து நின்றன. அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்று மவுஸை நகர்த்தியவள் பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து கோடுகளும் காலையில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் போயின. பன்னிரண்டு மணிக்கு எல்லாருக்கும் சாப்பாடு. அதற்கப்புறம் நான்கு கோடுகள் கிடுகிடுவென்று ஏறின. ஐந்தாவது கொஞ்சம் எழும்பி, போதும் என்று நினைத்தது போல் தணிந்துவிட்டது. அது வியாழக்கிழமை.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் ஈஸ்ட் டாமாக்கியில் ஓர் உணவுப்பொருள் கிடங்கு. அங்கே பெட்டி ஏற்றி இறக்குகிற, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தமிழர்களில் இருபத்திரண்டு பேரை ஆராய்ச்சிக்குச் சேர்த்திருந்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மீதிப் பேர் அதன் வாசலில் நிற்பவர்கள். வாரத்தில் ஐந்து நாளும் அவர்களுக்கு மதியச் சாப்பாடு ஆராய்ச்சிக் குழுவின் செலவு. ஒரு வாரம் நீலப் பை அரிசி, மறு வாரம் மஞ்சள் பை அரிசி. ஒன்று கடையில் கிடைக்கிற சாதாரண வெள்ளை அரிசி, இன்னொன்று நார்ச்சத்து கூடிய புது ரகம். வெந்த பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். எந்தப் பையில் எது என்பது குழுவில் யாருக்கும் தெரியாது. அந்த ரகசியம் ஓர் உறைக்குள் ஒட்டப்பட்டு வேறோர் அலுவலகத்தில் இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சென்சார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டே இருக்கும். எந்த அரிசி சர்க்கரையைக் குறைவாக ஏற்றுகிறது என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு வார வேலையில் ஆறு வாரம் முடிந்திருந்தது.

ஸ்வர்ணாவுக்கு அந்தக் குழுவில் பெரிய பதவி ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு வருஷம் டயட்டீஷியனாக இருந்தவள். இங்கே அந்த வேலைக்குப் பதிவு கிடைக்க இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருந்தது. அதுவரைக்கும் சென்சார்களிலிருந்து எண்களை இறக்கி, பிழை பார்த்து, அட்டவணையில் ஏற்றிக் கொடுக்கிற வேலை. யோசிக்க வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. யோசி என்றும் யாரும் சொன்னதில்லை.

அவள் சராசரியைப் பார்த்தாள். மற்ற நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு உச்சம் 12.4. வியாழனில் 9.2. வந்து நாலு வருஷமாகியும் இந்த நாட்டு அளவு அவள் மனதில் ஒட்டவில்லை. பதினெட்டால் பெருக்கினால்தான் ஊர்க் கணக்கு வரும். இருநூற்று இருபத்து மூன்று. நூற்று அறுபத்தாறு. நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று உடனே புரிந்தது. ஒரு மாத்திரை செய்கிற வேலையை ஒரு கிழமை செய்துகொண்டிருந்தது.

அடுத்து நீலப் பையையும் மஞ்சள் பையையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே அரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஆனால் நீல வாரமானாலும் மஞ்சள் வாரமானாலும் வியாழக்கிழமை கீழேதான் கிடந்தது. லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு கிளமென்டின் அறைக்குப் போனாள்.

ஆராய்ச்சிக் குழுவின் தலைவரான கிளமென்ட் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர். ஆக்லாந்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அலுவலகத்தில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஸ்வர்ணாவுக்கு மட்டும் அது வாயில் வராது.

"சென்சாரா இருக்கும்," என்றார் அவர், திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு. "புதுசா ஒட்டுன அன்னிக்குக் கொஞ்சம் கம்மியா காட்டும். என்னிக்கு மாத்துறோம்?"

"திங்கக்கிழமைங்க டாக்டர். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா."

"சாப்பாடு?"

"ஆறு வகை சுத்திச் சுத்தி வருதுங்க. ஆறு வியாழனும் ஆறு வேற சாப்பாடு."

"அப்ப வேலையா இருக்கும். அன்னிக்கு கண்டெய்னர் எதாச்சும் வருதா கேளுங்க. உடம்பு அசைஞ்சா சர்க்கரை எறங்கும்."

அவள் மகேசனுக்கு ஃபோன் போட்டாள். மகேசன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், திருநெல்வேலிக்காரர், அந்த இருபத்திரண்டு பேருக்கும் வாய் மாதிரி.

"வியாழக்கிழமையா? ஒண்ணும் கெடையாது மேடம்," என்றார். "அதே லாரி, அதே பெட்டி."

"சாப்பாட்டுல எதாவது வித்தியாசம் இருந்துச்சாங்கண்ணா?"

"சாப்பாடெல்லாம் அருமையா வருது மேடம். அக்கா கைப்பக்குவத்தப் பத்தி ஒரு கொறையும் சொல்ல முடியாது."

கிடங்கின் மேலாளரைக் கேட்டாள். வியாழக்கிழமை சரக்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆட்களின் கைபேசிகளிலிருந்த நடைக் கணக்குகளை வாங்கி அன்றைக்கு எவ்வளவு நடந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். மற்ற நாட்களைவிட நூறு காலடி குறைவாகத்தான் நடந்திருந்தார்கள். புதன்கிழமை ராத்திரி எதாவது விரதமா, கோயிலா, சர்ச்சா என்று விசாரித்தாள். எல்லாம் சுவரில் போய் முட்டின. செவ்வாய்க்கிழமை கிளமென்ட் அவளைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமைகள எடுத்துருவோம், ஸ்வர்ணா. காரணம் தெரியாத நாள வெச்சுக்கிட்டு நாம எதையும் சொல்ல முடியாது. இடைக்கால அறிக்கை அடுத்த வாரம் போகணும்."

"ஒரே ஒரு வியாழன் குடுங்க டாக்டர். நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"அங்க போய் என்ன பாப்பீங்க?"

"தெரியலைங்க. எங்க ஆஸ்பத்திரில ரிப்போர்ட்டு ஒத்துவரலைன்னா நாங்க வார்டுக்குப் போய் தட்டைத்தான் பாப்போம்."

அவர் சிரித்துவிட்டுத் தலையாட்டினார். அவர் அன்றைக்கே வெலிங்டன் போவதாக இருந்தது, திங்கட்கிழமைதான் திரும்புவார்.

வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அவள் கிடங்கின் சாப்பாட்டு அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பெய்து வெயிலடித்து மறுபடி மழை பெய்துகொண்டிருந்தது. பன்னிரண்டடிக்க ஆட்கள் மஞ்சள் மேலாடையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சுக் குறைந்தது. மகேசன் வணக்கம் சொன்னார். சொன்னவர் வாசலைப் பார்த்தார்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அன்னபாக்கியம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நகரின் மறுபக்கத்தில் ஏவன்டேலில் ஒரு சமையல்கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஆராய்ச்சிக்குச் சாப்பாடு செய்து தருகிறவர் அவர்தான். ஆளுக்கொரு பெட்டி; பெட்டியில் பெயர், உள்ளே நிறுத்து வைத்த முட்டைக்கோஸ் பொரியல் (அவர் பேச்சில் கோவா வறை), கடலைச் சுண்டல், அவித்த முட்டை. பக்கத்தில் மூடி போட்ட கிண்ணத்தில் குழம்பு. எல்லாவற்றையும் பரப்பி வைத்தவர் மூலையில் ஸ்வர்ணாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்கள் இண்டைக்கு வருவியள் எண்டு சொல்லேல்லையே, பிள்ளை."

"சும்மா பாக்கலாம்னு வந்தேங்க்கா. சோத்துப் பெட்டி எங்கங்க?"

"சோறு இப்ப வந்திடும்."

ஸ்வர்ணா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு மூன்று. சாப்பாட்டு நேரம் மொத்தமே அரை மணிதான். யாரும் சோற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்து வறையை ஸ்பூனால் அள்ளிப் போட்டார்கள். முட்டையைக் கடித்தார்கள். சுண்டலைக் கொறித்துக்கொண்டே கிரிக்கெட் பேசினார்கள். பன்னிரண்டு பத்துக்கு முக்கால்வாசிப் பேரின் பெட்டி காலி. பன்னிரண்டு பதின்மூன்றுக்கு ஒருவர் நனைந்த சட்டையோடு இரண்டு பெரிய பைகளைச் சுமந்து ஓடி வந்தார். அவற்றில் சோற்றுப் பெட்டிகள். ஆட்கள் வாங்கிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்தார்கள்.

அதே அரிசி. அதே எடை. அதே கறி. ஒரு கிராம் மாறவில்லை. முன்னால் போகவேண்டியது பின்னால் போயிருந்தது, அவ்வளவுதான்.

காய்கறியும் பருப்பும் முட்டையும் முதலில் உள்ளே போய்விட்டால் பின்னால் வருகிற சோறு மெதுவாகத்தான் சர்க்கரையாக ஏறும் என்று எங்கெங்கோ சிறு ஆராய்ச்சிகள் சொல்லியிருப்பதை அவள் படித்திருந்தாள். படித்துவிட்டு, தமிழ்நாட்டுச் சாப்பாட்டில் இது நடக்கிற காரியமா, நமக்குச் சோற்றில் கை வைத்த பிறகுதானே கறி என்று ஒதுக்கியும் இருந்தாள். இப்போது இருபத்திரண்டு பேர் அவள் கண்ணெதிரில் அதைச் செய்துகாட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு எழுந்து யார் கையையாவது பிடித்துக் குலுக்க வேண்டும் போல் இருந்தது.

அன்னபாக்கியம் அவளை வண்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"மறைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை. வியாழக்கிழமையில எனக்கொரு பழைய ஓடர் கிடக்கு. எங்கட பக்கம் ஒரு மண்டபத்தில முப்பது வயசாளியளுக்குச் சாப்பாடு. ஏழு வருசமாக் குடுக்கிறன், விட மனம் வரேல்லை. ரெண்டு சோத்துச் சட்டியும் முதல்ல அதுக்குத்தான் போகும். உங்கட சோறு பிறகுதான் அவியும். நான் கறியளோட நேரத்துக்கு வந்திடுவன். என்ர மனுசன் வேலை முடிஞ்சு வந்து சோத்தைக் கட்டிக்கொண்டு பின்னால வருவார்."

"ஒவ்வொரு நாளும் படிவத்துல பன்னெண்டுன்னு எழுதியிருக்கீங்களேக்கா."

"ஓம். சாப்பாடு குடுத்த நேரம் எண்டு கேட்டுக் கிடந்தது. ஒரு நேரம் எழுதத்தான் கட்டம் இருக்கு. கறி குடுத்தது பன்னிரண்டுக்குத்தானே." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியும், அது சரியில்லை. இந்த ஓடரை நிப்பாட்டிப் போடுவியளோ எண்டு பயந்திட்டன். மகேசன் தம்பியவையும் என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டு பேசாமல் இருந்தவை."

ஸ்வர்ணாவுக்கு அவரைக் கடிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. "அக்கா, இதை நான் டாக்டர்கிட்டச் சொல்லியே ஆகணும்," என்றாள். "ஆனா நீங்க பயப்படற மாதிரி இல்லைங்க. நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

அன்று மாலையே கிளமென்டுக்கு எழுதிப் போட்டாள். 'திங்கட்கிழமை பேசுவோம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்' என்று ஒரு வரிப் பதில் வந்தது.

திங்கட்கிழமை வரைக்கும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தேதி கடந்துபோனதால் பயிற்சிக்கென்று ஒதுக்கிவைத்த சென்சார்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் கையில் ஒட்டிக்கொண்டாள். அவளுக்கும் சர்க்கரை எல்லையில்தான் இருந்தது. சனிக்கிழமை மதியம் ஒரு கப் சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், முட்டை. எப்போதும் போல் பிசைந்து சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே எடையில் அதே சாப்பாடு. ஆனால் பொரியலையும் முட்டையையும் முதலில் தின்றுவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துச் சோறு.

பதினான்கு வயது பிரணவி சோபாவில் அம்மாவின் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்று அதில் 10.1 வரைக்கும் ஏறியதை அவள்தான் பார்த்துச் சொன்னவள்.

"இப்ப எவ்ளோடீ?"

"செவன் பாயின்ட் ஒன்."

"ஏறுதா?"

"ஆரோ நேரா இருக்கு. அம்மா, ப்ளீஸ் சிட் டவுன். யூ ஆர் வாக்கிங். தட்ஸ் சீட்டிங்."

ஸ்வர்ணா உட்கார்ந்தாள். அவள் சொன்னது சரிதான். நடந்தால் கணக்குக் கெட்டுவிடும். ஒன்றரை மணி நேரம் இருவரும் அந்தக் கண்ணாடித் திரையைச் சோற்றுப் பானையைக் காப்பது போல் காத்தார்கள். 7.4க்கு மேல் அது போகவில்லை.

"ஸோ யூ வேர் ரைட்?" என்று கேட்டாள் பிரணவி.

"ஒரு ஆளு, ரெண்டு நாளு. இதை வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றாள் ஸ்வர்ணா. சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அன்னபாக்கியம் தானே வந்துவிட்டார். "என்ர பிழையை நானே சொல்லுறன்," என்று சொல்லிக் கிளமென்டின் மேசைக்கு முன்னால் நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கிளமென்ட் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் முகம் இறுகியிருந்தது.

"நெறிமுறைக் குழுவுக்கு நான் இத எழுதித்தான் ஆகணும்," என்றார் கடைசியில். "அது ஒரு பக்கம். இன்னொண்ணு, சோறு தாமதமா வந்ததாலதான் எறங்குச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? எத்தனை நிமிஷம் தாமதம்னு எங்கயும் பதிவே இல்லையே."

அன்னபாக்கியம் கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தார். "இவர் கேற்றடியில வந்தவுடனை எனக்கு மெசேஜ் போடுவார். நான் போய்க் கதவு திறந்துவிட வேணும். எல்லாம் இதிலை கிடக்கு."

கிளமென்ட் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் குரல் மாறியிருந்தது.

"ஸ்வர்ணா, நீங்க அதப் பாத்து ஒவ்வொரு வியாழனும் எத்தனை நிமிஷம் தாமதம்னு மட்டும் ஒரு தாள்ல எழுதுங்க. நான் அதே வியாழக்கிழமைகளோட உச்சத்த வேற தாள்ல எழுதுறேன். எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தர் தாள ஒருத்தர் பாக்க வேணாம்."

ஸ்வர்ணா எழுதினாள். முதல் வாரம் பதினோரு நிமிடம். இரண்டாவது, பதினாறு. நான்காவது, ஒன்பது. ஐந்தாவது, இருபத்திரண்டு. ஆறாவது, பதினான்கு. மூன்றாவது வாரத்துக்கு மெசேஜே இல்லை.

"அக்கா, மூணாவது வாரம்?"

அன்னபாக்கியம் யோசித்தார். "அண்டைக்கு மண்டபம் பூட்டு. கூரை ஒழுகினது. சோறும் கறியும் ஒண்டாக் கொண்டு வந்தனான், பிந்தேல்லை."

ஸ்வர்ணா அந்த இடத்தில் சுழியம் போட்டாள். தாளை மேசையில் வைத்தாள். கிளமென்ட் தன் தாளைப் பக்கத்தில் வைத்தார்.

இருபத்திரண்டு நிமிடத்துக்கு நேரே 7.6. பதினாறுக்கு 8.2. பதினான்குக்கு 8.4. பதினொன்றுக்கு 9.0. ஒன்பதுக்கு 9.7. சுழியத்துக்கு நேரே 12.3. அதாவது எந்தத் திங்கட்கிழமையும் போல, எந்த வெள்ளிக்கிழமையும் போல.

கிளமென்ட் ஒரு விரலை முதல் தாளிலும் இன்னொரு விரலை இரண்டாவது தாளிலும் வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். மறுபடி மேலே போய் மறுபடி இறக்கினார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

"முப்பது வருஷத்துல," என்றார் மெல்ல, "இந்த மாதிரி ஒரு வரிசைய நான் ரெண்டு தடவதான் பாத்திருக்கேன்."

"என்ன சொல்லுறார்?" என்று அன்னபாக்கியம் ஸ்வர்ணாவின் காதருகே கேட்டார்.

"சோறு பிந்தப் பிந்த சர்க்கரை எறங்கியிருக்குங்க்கா. பிந்தாத அன்னிக்கு எறங்கவே இல்லை."

அன்னபாக்கியம் இரண்டு தாளையும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "நான் இவரை ஒவ்வொரு வியாழனும் பேசினன், பிள்ளை. ஏன் பிந்தினீர், ஏன் பிந்தினீர் எண்டு."

ஆனால் கிளமென்ட் அன்றே அறிக்கையில் எழுதிவிடவில்லை. தற்செயலாக நடந்தது சோதனை ஆகாது என்றார். அந்த ஐந்து நாட்களிலும் நமக்குத் தெரியாத வேறெதுவோ நடந்திருக்கலாம் என்றார். உள்ளதை உள்ளபடி நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. சாப்பாட்டு வேலை அன்னபாக்கியத்திடமே இருக்கலாம், படிவத்தை மட்டும் திருத்துங்கள் என்று வந்தது. கறி வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், சோறு வந்த நேரத்துக்கு ஒரு கட்டம். அன்னபாக்கியம் வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம் முன்னாலேயே உலை வைக்க, அரிசி ஆராய்ச்சி முடியும்வரை சோறு நேரத்துக்கு வந்தது. வியாழக்கிழமைக் கோடும் மற்றக் கோடுகளோடு சேர்ந்து ஏறியது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஸ்வர்ணாவுக்கு, தன் ஊகம் சரிதான் என்று ஒவ்வொரு வாரமும் யாரோ வந்து சொல்லிவிட்டுப் போவது போலிருந்தது.

பிறகு அனுமதி வாங்கிப் புதிதாக நான்கு வாரச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே அரிசி. ஒவ்வொரு நாள் காலையிலும் குலுக்கல். வந்த சீட்டைப் பொறுத்துச் சோறு கறியோடு வரும், இல்லாவிட்டால் பதினைந்து நிமிடம் கழித்து வரும். கிடங்கின் மேலாளர் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கூட்டித் தர ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவர்கள் சாப்பிடுகிறவர்கள்தான்.

"வாரத்துக்கு ஒரு நாள்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம் மேடம்," என்றார் மகேசன். "பாதி நாள் இப்படின்னா எப்படி? பொரியலு சோத்துக்குத் தொட்டுக்கிறதுக்கு. அத மட்டும் தின்னா ஆடு மேஞ்ச மாதிரில்ல இருக்கு."

"உங்க கையில இருக்கறதைப் பாத்தீங்களாண்ணா?"

அவர் சென்சாரைத் தடவினார். "பாக்கத்தான் செய்தேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "போன வருசம் எங்க அண்ணனுக்குச் சர்க்கரையால கால்ல ரெண்டு விரல எடுத்தாங்க. நான் ஊருக்குக்கூடப் போவ முடியல." அப்புறம் அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "நாலு வாரந்தானடே. சேருவோம்."

இருபத்திரண்டு பேரில் இருபது பேர் சேர்ந்தார்கள்.

அந்த நான்கு வாரமும் ஸ்வர்ணாவுக்கு எண்களைப் பார்க்க அனுமதி இல்லை. அப்படியே இறக்கிப் பூட்டி வைக்க வேண்டும். அவள் அந்த நாட்களில் பரீட்சைக்குப் படித்தாள். படித்ததில் பாதி மண்டையில் ஏறவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் புள்ளியியல் பிரிவிலிருந்து முடிவு வந்தபோது கிளமென்ட் அவளைக் கூப்பிட்டு, தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"நீங்க திறங்க."

அவள் திறந்தாள். 2.3. சோறு பின்னால் வந்த நாட்களில் உச்சம் சராசரியாக 2.3 குறைந்திருந்தது. முதல் வியாழக்கிழமைகள் காட்டிய அளவுக்கு இல்லை. மூன்று பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பதினேழு பேருக்குக் குறைந்திருந்தது, தற்செயலாக அப்படி நடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. அரிசி ஆராய்ச்சியின் உறையையும் அந்த வாரம்தான் பிரித்திருந்தார்கள். புது ரகத்துக்கும் பழைய ரகத்துக்கும் இடையில் இருந்தது வெறும் 0.4.

"இருபது பேர், நாலு வாரம்," என்றார் கிளமென்ட். "சின்ன வேலைதான். பெரிசா யாராச்சும் செஞ்சு பாக்கணும். ஆனா நம்ம சாப்பாட்டுல, நம்ம ஆளுங்ககிட்ட, சமையக்கட்டுல ஒரு செலவும் இல்லாம எறங்கியிருக்கு." அவர் எழுந்து சன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "கட்டுரைய நீங்க எழுதுங்க. உங்க பேர் முதல்ல வரும். அன்னபாக்கியம் பேரும் வரணும். அவங்க மெசேஜ் இல்லாட்டி நாம வியாழக்கிழமைய தூக்கிப் போட்டிருப்போம்."

"தூக்கிப் போடச் சொன்னதே நீங்கதானேங்க டாக்டர்," என்று ஸ்வர்ணா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றார் கிளமென்ட். முதல்தடவையாக அவர் வாய்விட்டுச் சிரிப்பதை அவள் பார்த்தாள்.

அடுத்த வாரம் கிடங்கின் சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அவரவர் கோடு, இரண்டு நிறத்தில். பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டையை ஒப்பிடுவது போல் பக்கத்து ஆளின் தாளை எட்டி எட்டிப் பார்த்தார்கள். மாற்றமே இல்லாத மூவரில் ஒருவர், தன் தாளில் மட்டும் மை சரியில்லை என்று வாதாடினார். மகேசனுடையது 3.1 குறைந்திருந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம்," என்றார். "பொரியல் இல்லாத அன்னிக்கு ரசத்த முதல்ல குடிச்சுட்டா?"

"ரசத்திலை என்ன இருக்கு, வெறும் தண்ணி," என்றார் அன்னபாக்கியம், பாத்திரத்தைத் துடைத்தபடி. "பருப்புத் தண்ணியைக் குடியுங்கோ. கட்டியா."

"பருப்பு ரசம்னா?" என்றார் இன்னொருவர்.

"மோரு?"

ஆளுக்கொன்று சொல்ல, அறை ஒரே இரைச்சலாயிற்று. மேலாளர் கதவருகே வந்து மணியைப் பார்த்தார், ஒருவரும் எழவில்லை. ஸ்வர்ணா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றாள். "பருப்பு எத்தனை கிராமுங்க்கா போடுவீங்க?"